தலைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய்: சோற்றைக் குறைக்க வேண்டாம், குழம்பைக் கெட்டியாக்குங்கள்

கேள்வி: திருப்பூரில் வாடகை வீடு. நான், கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி. ரேஷன் அரிசி வாங்குகிறோம். கேஸ் செலவு போக, சாப்பாட்டுக்கு மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் முடியாது. மகளுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காசில் சத்தாகச் சமைப்பது எப்படி?

பதில்:

6,000 ரூபாயை நாலு பேருக்கும் 30 நாளைக்கும் பிரித்தால் தலைக்கு 50 ரூபாய். ரேஷன் அரிசியும் பள்ளிச் சாப்பாடும் கூடவே இருப்பதால் இதில் நிச்சயம் முடியும். ஆனால் காசு போகும் வழியை மாற்ற வேண்டியிருக்கும்.

கைக்காசு குறைவான வீடுகளில் வழக்கமாக நடப்பது இது: தட்டு நிறையச் சோறு, அதன்மேல் தண்ணீராக ஒரு சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. வயிறு நிறைந்துவிடுவதால் குறை கண்ணில் படுவதில்லை. 75 கிராம் துவரம்பருப்பில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்தால் ஆளுக்குக் கிடைக்கும் பருப்புப் புரதம் வெறும் 4 கிராம். மிச்சப்பட்ட காசு டீக்கான பாலிலும், பிஸ்கட்டிலும், பாக்கெட் மசாலாவிலும், பிள்ளைகளுக்கென்று வாங்கும் சத்துப் பான டப்பாவிலும் கரைந்துவிடுகிறது. தினம் 10 ரூபாய் பிஸ்கட் என்றால் மாதம் 300 ரூபாய். கிடைப்பது மைதாவும் சர்க்கரையும். அதே 300 ரூபாயில் 45 முட்டை வரும்.

அதனால் முதல் வேலை, பருப்பின் அளவைக் கூட்டுவது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு அல்லது பயறு என்பது நல்ல கணக்கு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு; புரதம் இத்தகைய கூறுகளால் ஆனது. இரண்டும் ஒரே நாள் சாப்பாட்டில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது அடைத்துவிடும். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு அரிசி, ராகி, கோதுமை எல்லாம் சேர்த்து ஒரு கிலோ 200 கிராம் வரை தேவைப்படும். அதோடு கால் கிலோ பருப்பு, பயறாவது வேக வேண்டும். இது மூன்றுக்கு ஒன்றைவிடக் குறைவுதான். கடலை, முட்டை, மோர் சேரும்போது சரியாகிவிடும்.

இப்போது ரேஷன். உங்களைப் போல நாலு பேர் உள்ள அரிசி கார்டுக்கு 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டையும் ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள். பருப்பு இந்த வாரம் வரவில்லை என்று சொன்னால் திரும்பப் போய்க் கேட்டு வாங்குங்கள். வெளியே அதே பருப்பு நாலு மடங்கு விலை. அரிசியில் பச்சரிசி, புழுங்கல் இரண்டும் இருந்தால் பெரும்பங்கு புழுங்கலாக வாங்குங்கள். நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் தீட்டிய பிறகும் புழுங்கலில் கூடுதலாக நிற்கும். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி வரத் தொடங்கியது. அதில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசிமணி கலந்திருக்கும். அது நிறத்தில் சற்று மாறியிருக்கும், கழுவும்போது சில மணிகள் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறிந்தால், ரத்தம் குறைவான வீட்டில் அதைவிட நஷ்டம் இல்லை. அது அரிசி மாவில் செய்ததுதான். இரண்டு முறை கழுவினால் போதும். ஐந்து முறை தேய்த்துக் கழுவினால் வைட்டமின் தண்ணீரோடு போய்விடும். வடிப்பதைவிடக் குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து வேகவிடுவது நல்லது. வடித்தே ஆக வேண்டுமென்றால் கஞ்சியைக் கீழே ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது ரசத்தில் சேருங்கள். ரேஷன் அரிசியின் வாடை பிடிக்கவில்லையென்றால் முதலில் வெந்நீரில் ஒரு முறை அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போட்டால் போய்விடும்.

பள்ளிச் சாப்பாட்டையும் கணக்கில் எடுங்கள். மகனுக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியமும் பள்ளியில் கிடைக்கிறது; மகளுக்கு மதியம். சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. பிள்ளைகள் முட்டையைச் சாப்பிடுகிறார்களா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்களா என்று கேளுங்கள். சாப்பிடுகிறார்கள் என்றால் வீட்டு முட்டையை நீங்களும் கணவரும் சாப்பிடலாம். வாரம் ஆளுக்கு நாலு, பிள்ளைகளுக்கு ஞாயிறு மட்டும் ஒவ்வொன்று. மாதம் 40 முட்டை, ஏறக்குறைய 260 ரூபாய். முப்பது முட்டை அட்டையாக மொத்தக் கடையில் வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

எதை வாங்குவது என்று தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: 10 ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம்? கீழே போட்டிருப்பது நான் எடுத்துக்கொண்ட உத்தேச விலையில். உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேஷன் துவரம்பருப்பு (கிலோ 30): 73 கிராம்
சோயா உருண்டை, சில்லறையில் (கிலோ 130): 40 கிராம்
கொள்ளு (கிலோ 90): 24 கிராம்
பச்சைப்பயறு (கிலோ 120): 20 கிராம்
நிலக்கடலை (கிலோ 130): 19 கிராம்
கடைத் துவரம்பருப்பு (கிலோ 130): 17 கிராம்
முட்டை (6.50): 9 கிராம்
பால் (லிட்டர் 40): 8 கிராம்
மத்தி மீன் (கிலோ 150): 8 கிராம்
பிராய்லர் கோழி (கிலோ 240, எலும்போடு): 6 கிராம்

இதை வைத்து முட்டையும் மீனும் வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பி12 பருப்பில் கிடையாது. முட்டை, மீன், ஈரல், பால் வழியாகத்தான் வரும். அடித்தளத்தைப் பயறில் கட்டிவிட்டு, மேலே கொஞ்சமாக முட்டையும் மீனும் வைக்க வேண்டும். சோயா மலிவு என்று தினமும் போட்டால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும்; வாரம் இரண்டு முறை போதும். அதன் வாடைக்குக் காரணம் சரியாகப் பிழியாததுதான். 50 கிராம் உருண்டையை உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி ஒட்டப் பிழிந்து, நறுக்கி மசாலாவில் போடுங்கள். உருண்டையாகவே போட்டால் உள்ளே உப்பு ஏறாது.

மாதத்துக்குப் பயறு வகை மட்டும்: ரேஷன் துவரை 1 கிலோ, கொள்ளு ஒன்றரை, கறுப்புக் கொண்டைக்கடலை ஒன்றரை, தோலோடு கறுப்பு உளுந்து ஒன்றரை, பச்சைப்பயறு 1, தட்டைப்பயறு 1, சோயா அரை கிலோ. மொத்தம் 8 கிலோ, சுமார் 800 ரூபாய். துவரை ஒரு கிலோவில் 150 கிராம் வீதம் ஆறு முறைதான் வரும். அதனால் மற்ற நாளெல்லாம் வேறு பயறு. இப்படி மாறி மாறிப் போடுவது சத்துக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. வெள்ளை உளுந்தைவிடக் கறுப்பு உளுந்து மலிவு, தோலில் நார்ச்சத்தும் இருக்கிறது. இட்லி சற்றுச் சாம்பல் நிறமாக வரும், அவ்வளவுதான்.

மற்ற செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராகி 6 கிலோ, கோதுமை 5 கிலோ, கூடுதல் அரிசி 5 கிலோ சேர்த்து 700. நிலக்கடலை ஒன்றரை கிலோ, அரை கிலோ பொட்டுக்கடலை 250. ரேஷன் பாமாயில் போக ஒன்றரை லிட்டர் எண்ணெய், 280 வரை. புளி, மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, உப்பு, வெல்லம், தேயிலை 550. முட்டை 260. காயும் கீரையும் 1,150. வெங்காயம், தக்காளி, பூண்டு 370. பால் தினம் அரை லிட்டர் 600. மீன், கருவாடு, ஈரல் 320. தேங்காயும் பழமும் 350. ரேஷன் சாமான் 80. எல்லாம் சேர்த்து 5,700 பக்கம் வரும். மிச்ச 300 ரூபாயை ஒதுக்கி வையுங்கள். தக்காளியோ வெங்காயமோ திடீரென்று ஏறும் மாதத்தில் அது வேண்டும். மிளகாயையும் மல்லியையும் வறுத்து மில்லில் அரைத்துக்கொண்டால் பாக்கெட் மசாலா தேவையே இல்லை.

இனி அடுப்படி. உங்கள் ஊர்ச் சாப்பாட்டிலேயே மூன்றுக்கு ஒன்று கணக்கு உட்கார்ந்திருக்கிறது: அரிசிம்பருப்பு சாதம். 450 கிராம் ரேஷன் புழுங்கலரிசி, 150 கிராம் துவரம்பருப்பு. 150 கிராம் பிடிக்கும் சிறிய டம்ளர் என்றால் மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குக்கரில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், ஒரு தேக்கரண்டி தட்டிய மிளகு, வரமிளகாய் நாலு, கறிவேப்பிலை தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், பூண்டு ஆறு பல், தக்காளி ஒன்று வதக்கி, மஞ்சள் போட்டு, அதே டம்ளரில் 11 டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்ததும் உப்பு, அரிசி, பருப்பு. மூடி, முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து, மேலும் மூன்று விசில். ஆவி தானாக அடங்கும் வரை திறக்க வேண்டாம். ஆளுக்கு 16, 17 கிராம் புரதம் இந்த ஒரு தட்டிலேயே வந்துவிடும். இறக்கும்போது இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டுக் கிளறி மூடினால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். பருப்பு முழுசாக நின்றால் பெரும்பாலும் குறை தண்ணீரின் அளவில் இல்லை, அதன் தன்மையில்தான். அதற்குக் கீழே வருகிறேன்.

அடையும் இதே கணக்குத்தான். மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளரில் கொள்ளு, கொண்டைக்கடலை, கறுப்பு உளுந்து மூன்றும் கலந்து. பயறை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். அரிசிக்கு நாலு மணி நேரம் போதும். வரமிளகாய் ஆறு, சீரகம், பூண்டு, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் அடை ரப்பர் மாதிரி இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பயறு கீழே தங்கிவிடும். கல்லில் கனமாக ஊற்றி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் கால் தேக்கரண்டி எண்ணெய், சுற்றி அரைத் தேக்கரண்டி. மூடி போட்டு நிதானமான தணலில் வேகவிட்டால் நடு மாவு பச்சையாக நிற்காது. கொள்ளு சரியாக வேகாவிட்டால் வயிறு உப்பும். அடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கொள்ளை ஒரு முறை வேகவைத்தால் இரண்டு வேளைக்கு வரும். 200 கிராம் கொள்ளை வெறும் சட்டியில் மணம் வரும் வரை வறுத்து, கல் பார்த்து, எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஏழு விசில். வடித்த தண்ணீரோடு புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்தால் கொள்ளு ரசம். வெந்த கொள்ளில் பாதியைச் சின்ன வெங்காயம், மிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் அன்றைய சோற்றுக்கு ஆயிற்று. மீதியை மாலையில் பிள்ளைகள் வரும்போது தேங்காய்த் துருவல் போட்டுச் சுண்டலாகத் தாளித்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். பிஸ்கட்டின் இடத்தை இதுதான் பிடிக்க வேண்டும். கொள்ளு, மறுநாள் தட்டைப்பயறு, அடுத்த நாள் கொண்டைக்கடலை, நடுவில் அவித்த கடலை என்று சுற்றுங்கள்.

பயறு வேகவில்லை என்ற புகாருக்கு மூன்று காரணம். ஒன்று, பயறு பழசு. ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தால் எத்தனை விசில் வைத்தாலும் நடு கடினமாகவே நிற்கும். அதனால் சுருங்கி நிறம் கறுத்த பயறை வாங்காதீர்கள். இரண்டு, தண்ணீர். போர் உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பயறின் தோலை இறுக்கிவிடும். குடிக்கும் தண்ணீரிலேயே ஊறவைத்து, அதிலேயே வேகவிடுங்கள். மூன்று, புளியையும் தக்காளியையும் முதலிலேயே சேர்ப்பது. புளிப்பு, பயறை மெத்தென்று ஆகவிடாது. சாம்பாருக்குப் பருப்பு குழைந்த பிறகே புளிக்கரைசல். அரிசிம்பருப்பு சாதத்தில் தக்காளி ஒன்றோடு நிறுத்தச் சொன்னதும் இதனால்தான். சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மை. ஆனால் அது பி1 வைட்டமினை அழித்துவிடும்.

ராகியை விடவே கூடாது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கும் தானியம் இது. பால் அதிகம் வாங்க முடியாத வீட்டுக்கு இதுதான் ஆதாரம். மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, கல் அரித்து, கழுவிக் காயவைத்து மில்லில் கொடுங்கள். கூழுக்கு 200 கிராம் மாவை இரவில் கட்டியில்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். காலையில் 100 கிராம் நொய்யை ஒரு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, தணலைக் குறைத்து 12 முதல் 15 நிமிடம் விடாமல் கிளறுங்கள். தண்ணீரில் கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். வேகாத ராகிதான் வயிற்றைப் பிடிக்கும். உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். ஆறியதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் நாலு பேருக்குக் காலைச் சாப்பாடு. சித்திரை, வைகாசியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் புளிக்க விடாதீர்கள்.

சத்துப் பான டப்பாவுக்குப் பதில் சத்துமாவு. ராகி அரை கிலோவை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒன்றரை நாள் தொங்கவிட்டு, சின்னதாக முளை விட்டதும் உலர்த்தித் தேய்த்து லேசாக வறுங்கள். கோதுமை 200, பச்சைப்பயறு 200, பொட்டுக்கடலை 100 தனித்தனியாக வறுத்து, எல்லாவற்றையும் ஆறவைத்து மில்லில் அரைக்கலாம். நிலக்கடலையை மில்லுக்குக் கொடுக்காதீர்கள், எண்ணெய் விட்டு மாவு அடைத்துக்கொள்ளும். 100 கிராம் வறுத்த கடலையை வீட்டு மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றிப் பொடித்துச் சேருங்கள். கசக்கும் கடலை, சுருங்கியது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. இந்த மாவு ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, ஏழு நிமிடம் கொதி, கொஞ்சம் வெல்லம். முளைகட்டிய ராகியில் கஞ்சி இறுகாது. அதனால் அதே டம்ளரில் கூடுதல் மாவு சேர்த்துக் கொடுக்கலாம்.

பாலை டீயில் தீர்க்காமல், அரை லிட்டரில் பாதிக்கு மேல் தயிருக்கு ஒதுக்குங்கள். நாலு பேருக்கும் மோராகப் போகும். பழைய சோற்றுக்கும் அதுதான். சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சூடாகக் குக்கரிலேயே நாலைந்து மணி நேரம் கிடந்த சோற்றில் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர்ந்துவிடும், பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. காலையில் நூல் விட்டாலோ, புளிப்பைத் தாண்டிய வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

காய்க்குத் திருப்பூர் உழவர் சந்தைக்குக் காலையில் போங்கள். அங்கே பலகையில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்து வைத்துக்கொண்டால், தெருக்கடையில் கேட்கும் விலை நியாயமா என்று தெரியும். மலிவாக இருக்கும் நேரத்தில் சுரைக்காய், பரங்கி, முள்ளங்கி, பப்பாளிக்காய், வாழைத்தண்டு. முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் தழையோடு வாங்கினால் கீரை இலவசம். வாரம் ஐந்து நாள் கீரை கட்டாயம். முருங்கைக்கீரை மரம் இருக்கும் வீட்டில் கேட்டாலே கிடைக்கும். கால்சியமும் வைட்டமின் ஏயும் அதற்கு இணையாக மலிவில் வேறில்லை. கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். தண்ணீர் வடிக்காமல் ஐந்து, ஆறு நிமிடம் மட்டும் வேகட்டும். வைட்டமின் ஏ உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும், அதனால் தாளிப்பை விட வேண்டாம். மூன்று கைப்பிடி முருங்கைக்கீரையை வதக்கி இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் நாலு பேருக்குப் பொரியல்.

மீனில் மத்தி வாங்குங்கள், சாளை என்றும் சொல்வார்கள். கொழுப்பு நல்ல கொழுப்பு, முள்ளும் மெல்லியது. புளிக்குழம்பில் மெதுவாக முக்கால் மணி நேரம் வெந்தால் சின்ன முள்ளைக் கடித்தே சாப்பிடலாம், கால்சியம் அதில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை, விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் நெத்திலிக் கருவாடு. 100 கிராம் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக நாலு முறை அலசி, கத்தரிக்காய்க் குழம்பில் போடுங்கள். கருவாடு வெந்து, குழம்பை ருசி பார்த்த பிறகே உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

கேஸையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உங்கள் காசுதான். எல்லாப் பயறையும் ஊறவைப்பதிலேயே பாதி மிச்சம். சோறு வைக்கும் குக்கரிலேயே மேலே ஒரு கிண்ணத்தில் பருப்பை வைத்துவிடுங்கள். விசில் தொடர்ந்து அலறினால் ஆவியோடு கேஸ் போகிறது என்று பொருள், குறையுங்கள்.

மகளுடைய ரத்தக் குறைவுக்கு வருகிறேன். கீரை, ராகி, பயறு மூன்றிலும் இரும்பு உண்டு. ஆனால் அதில் உடம்பு எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. அதே வேளையில் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடும். அரை மூடி எலுமிச்சையைக் கீரையிலோ சுண்டலிலோ, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீண். இதற்கு நேரெதிர் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். மகளுக்கு டீயே வேண்டாம், மோர் கொடுங்கள். பயறை ஊறவைப்பதும், முளைகட்டுவதும், மாவைப் புளிக்கவைப்பதும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைக்கும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையேல் கறுத்துக் கசக்கும்.

வாரம் ஒரு நாள் கோழி ஈரல் கால் கிலோ வாங்குங்கள். கறியைவிட விலை குறைவு. இறைச்சியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும், பி12வும் அதில் நிறைய. மஞ்சள் போட்டுக் கழுவி, மிளகு, சின்ன வெங்காயத்தோடு எட்டு நிமிடம் வதக்கினால் போதும்; அதற்குமேல் வதக்கினால் இறுகிவிடும். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) கிடைத்தால் அதுவும் நல்லது.

ஆனால் ஏற்கெனவே ரத்தம் குறைந்துவிட்ட பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று கவனியுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போடட்டும். மலம் கறுப்பாகப் போவது அதனால்தான், பயப்பட வேண்டாம். அது தடுப்புக்கான அளவு. ஹீமோகுளோபின் குறைவு என்று பரிசோதனையில் வந்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தினசரி மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடக் கூடாது. வயிற்றில் புழு இருந்தால் எத்தனை கீரை போட்டாலும் ரத்தம் ஏறாது.

இன்னொன்று உங்களுக்கு. ஈரலோ முட்டையோ கெட்டிப் பருப்போ எதுவானாலும், பரிமாறத் தொடங்கும் முன்பே நாலு பங்காகப் பிரித்து உங்கள் பங்கை மூடி வைத்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியது உங்களுக்கு என்று இருந்தால், மேலே போட்ட கணக்கு முழுவதும் மூன்று பேருக்கான கணக்காகிவிடும். மகளுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள். 12 வயது நிறைந்த பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. உங்களுக்கும் அளவு அதேதான். அவளைக் கூட்டிப் போகும் அன்றே நீங்களும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.